நிறுவனக் கணக்குகளுக்குப் பலபடிச் சரிபார்ப்பு: போடி முதல் வண்டன்மேடு வரை செயல்படும்படி அமைப்பது எப்படி

போடிநாயக்கனூரிலோ கம்பத்திலோ தலைமை அலுவலகமும், மலைக்கு மேலே கேரளத்தின் பூப்பாறை, நெடுங்கண்டம், வண்டன்மேடு பக்கங்களில் தோட்டங்களும், காயை உலர்த்தி வைக்கும் ஏலக்காய் ஸ்டோர்களும் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தை மனத்தில் கொண்டு இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. அத்தகைய நிறுவனத்தின் மின்னஞ்சல் மைக்ரோசாஃப்ட் 365இலோ கூகுள் வொர்க்ஸ்பேஸிலோ இருக்கும். கணக்கு மென்பொருள் அலுவலகச் சர்வரில் இருக்கும். மேலே உள்ள ஸ்டோர்களின் எடைக் கணக்கும் கூலிக் கணக்கும் வி.பி.என். என்ற பாதுகாப்பான தனி இணைய வழியில் கீழே வரும். மாநில எல்லை கடக்கும் லோடுகளுக்கு இ-வே பில் எனும் ஜி.எஸ்.டி. சரக்குச் சீட்டு போட வேண்டியிருக்கும். இங்கே பலபடிச் சரிபார்ப்பை அமைப்பதற்கும், சென்னையில் ஒரே கட்டடத்துக்குள் இயங்கும் நிறுவனத்தில் அமைப்பதற்கும் தொழில்நுட்பத்தில் வேறுபாடு இல்லை. வேலையை எந்த வரிசையில் செய்வது என்பதில்தான் பெரிய வேறுபாடு இருக்கிறது.

கடவுச்சொல் என்பது ஒருவர் அறிந்து வைத்திருப்பது. அதனுடன், அவர் கையில் வைத்திருக்கும் போன், பாதுகாப்புச் சாவி போன்ற ஒரு பொருளையோ, விரல்ரேகை, முகம் போன்ற அவருடைய உடல் அடையாளத்தையோ சேர்த்துக் கேட்பதே பலபடிச் சரிபார்ப்பு. இரண்டு கடவுச்சொற்களைக் கேட்பது இதில் சேராது. இரண்டும் ஒரே வகையைச் சேர்ந்தவை, ஒரே ஏமாற்று மின்னஞ்சலில் இரண்டுமே பறிபோகும்.

2021 மே மாதம் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவனத்தைத் தாக்கியவர்கள், பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய வி.பி.என். கணக்கின் வழியாகவே நுழைந்தார்கள். அந்தக் கணக்குக்கு இரண்டாம் சரிபார்ப்பு இருக்கவில்லை. 2024 பிப்ரவரியில் சேஞ்ச் ஹெல்த்கேர் நிறுவனம் தாக்கப்பட்டபோதும், தொலைவிலிருந்து நுழைவதற்கான ஒரு தளத்தில் மட்டும் பலபடிச் சரிபார்ப்பு இயக்கப்படாமல் விடப்பட்டிருந்தது என்று அதன் தாய் நிறுவனத்தின் தலைவர் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சொன்னார். இரண்டிலும் வழியாக அமைந்தது விடுபட்டுப்போன ஒரே ஓர் இடம். எனவே இந்த வேலையில் கடினமானது பொத்தானை இயக்குவது அல்ல. எந்தக் கணக்கும் விடுபடாமல் பார்ப்பதும், போனைத் தொலைத்துவிட்டு வரும் ஊழியருக்கு யார், எப்படி, எந்தச் சான்றைப் பார்த்துக் கதவு திறப்பது என்பதை முன்கூட்டியே தீர்மானிப்பதுமே கடினம். இந்த இரண்டாவதைப் பெரும்பாலான நிறுவனங்கள் கடைசிக்குத் தள்ளுகின்றன. இங்கே அது, எதையும் இயக்குவதற்கு முன்பே வருகிறது.

முதல் படி: கணக்குகளைக் கணக்கெடுத்தல்

ஒரு விரிதாளைத் திறந்து, நிறுவனத்தில் லாகின் கேட்கும் அமைப்புகள் அனைத்தையும் எழுதுங்கள்: மின்னஞ்சல், வி.பி.என்., சர்வரைத் தொலைவிலிருந்து இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப், வலையமைப்பின் காவலான பயர்வாலின் நிர்வாகப் பக்கம், கணக்கு மென்பொருள், சம்பளப் பட்டியல், பேக்கப் சேமிப்பிடம், நிறுவனத்தின் டொமைன் பெயரை வாங்கிய தளம், ஜி.எஸ்.டி. மற்றும் இ-வே பில் தளங்கள், வங்கித் தளங்கள். டொமைன் வாங்கிய தளத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அதைக் கைப்பற்றியவர் நிறுவனத்துக்கு வரும் மின்னஞ்சல் முழுவதையும் தன் பக்கம் திருப்பிக்கொள்ள முடியும் என்பதால், முதன்மைச் சர்வருக்குத் தரும் அதே கவனத்தை அதற்கும் தர வேண்டும்.

பிறகு ஒவ்வொரு அமைப்பிலும் உள்ள பயனர் பட்டியலை இறக்கி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அதைப் பயன்படுத்தும் ஆளின் பெயரை எழுதுங்கள். ஆள் பெயர் எழுத முடியாத கணக்குகள் மூன்று வகையாகப் பிரியும். வேலையை விட்டுப் போனவர்களின் கணக்குகளை உடனே முடக்கிவிடலாம். ஸ்கேன் செய்த தாளை மின்னஞ்சலில் அனுப்பும் பிரிண்டர், வருகைப் பதிவு இயந்திரம், இரவில் ஓடும் பேக்கப் போன்ற இயந்திரங்களின் கணக்குகளில் ஓ.டி.பி. அடிக்க ஆள் இல்லை. இவற்றுக்கு மனிதர்கள் லாகின் செய்ய முடியாதபடி தடை வைத்து, குறிப்பிட்ட முகவரியிலிருந்து மட்டும், குறிப்பிட்ட வேலைக்கு மட்டும் அனுமதி தர வேண்டும். மூன்றாவது வகைதான் தலைவலி. ‘ஸ்டோர்1’ என்று ஒரு கணக்கு இருக்கும். சூப்பர்வைசர், எடை போடுபவர், கணக்கப்பிள்ளை மூவரும் அதையே பயன்படுத்துவார்கள். கடவுச்சொல் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு சீட்டில் எழுதப்பட்டிருக்கும். பொதுக் கணக்கின் இரண்டாம் சரிபார்ப்பு யாருடைய போனுக்குப் போவது என்ற கேள்விக்கு நல்ல விடையே கிடையாது. ஒருவர் போனில் வைத்தால், அவர் விடுப்பில் இருக்கும் நாளில் மற்றவர்கள் அவரைக் கூப்பிட்டு எண்ணைக் கேட்பார்கள். போனில் எண்ணைச் சொல்லும் பழக்கம் வந்துவிட்டால், நாளை மோசடிக்காரன் கேட்டாலும் சொல்லத்தான் செய்வார்கள். ஆகவே பொதுக் கணக்குகளைப் பிரித்து ஆளுக்கொரு கணக்காக்கிய பின்பே மேலே செல்லுங்கள். கூடுதல் உரிமத்துக்குச் செலவாகும் என்று நிர்வாகம் தயங்கினாலும், இந்த இடத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதே என் கருத்து.

இதே சுற்றில், ஐமேப், பாப் போன்ற பழைய மின்னஞ்சல் வழிகளை யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வெறும் பெயரும் கடவுச்சொல்லும் கொண்டு இயங்கும் இந்த வழிகள் இரண்டாம் சரிபார்ப்பைக் கேட்பதே இல்லை. மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் சேவையில் 2022 அக்டோபர் முதல் இந்தப் பழைய அடிப்படைச் சரிபார்ப்பை நிறுத்தத் தொடங்கியது. உங்களுடைய சொந்த மெயில் சர்வரிலோ பிற சேவைகளிலோ அது இன்னும் திறந்திருக்கக்கூடும்.

இரண்டாம் படி: யாருக்கு எந்த முறை

எஸ்.எம்.எஸ். ஓ.டி.பி. எல்லோருக்கும் பழக்கமானது, அதனாலேயே நிர்வாகங்கள் முதலில் அதைக் கேட்கின்றன. எல்லை மலையில் அதை அடிப்படை முறையாக வைக்க வேண்டாம். போடிமெட்டு ஏறும்போதே சிக்னல் வந்து வந்து போகும். தோட்டத்துக்குள் பல இடங்களில் ரேஞ்சே கிடையாது. ஸ்டோரில் பிராட்பேண்ட் ஓடினாலும் போனில் எஸ்.எம்.எஸ். விழாது. பலரிடம் தமிழ்நாட்டு சிம் ஒன்றும் கேரள சிம் ஒன்றும் இருக்கும். எந்த எண்ணைப் பதிவு செய்தோம் என்பதே நினைவில் இராது. மேலே டவர் எடுக்காத சிம்மைக் கழற்றி வீட்டில் வைத்திருப்பவர்களும் உண்டு. பாதுகாப்பு நோக்கிலும் இது பலவீனமானது: போலி ஆவணம் காட்டி மாற்று சிம் வாங்கிவிட்டால் ஓ.டி.பி. மோசடிக்காரனுக்கே போகும். அமெரிக்காவின் நிஸ்ட் என்ற தரநிர்ணய அமைப்பு 2017இல் வெளியிட்ட அடையாள வழிகாட்டுதலிலேயே, தொலைபேசி வலையமைப்பின் வழியாக வரும் எண்களைக் கட்டுப்பாட்டுக்குரிய முறை என்று தனியே வகைப்படுத்தியது.

நேரத்தை அடிப்படையாகக் கொண்ட எண்களை உருவாக்கும் ஆப்கள் நம் மலைக்கு நன்றாகப் பொருந்தும். கூகுள் அத்தென்டிகேட்டர், மைக்ரோசாஃப்ட் அத்தென்டிகேட்டர் போன்றவை, 2011இல் வெளியான ஆர்.எஃப்.சி. 6238 என்ற பொது விதிமுறையின்படி எண்களை உருவாக்குகின்றன. பதிவின்போது க்யூஆர் குறியீட்டின் வழியாக ஒரு ரகசியச் சரம் போனுக்குள் செல்கிறது. அந்தச் சரத்தையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, பெரும்பாலும் 30 விநாடிக்கு ஒருமுறை, புதிய ஆறு இலக்க எண்ணை ஆப் காட்டுகிறது. அதே கணக்கைச் சர்வரும் போட்டு ஒப்பிடுகிறது. எண்ணை உருவாக்குவதற்கு சிக்னலோ டேட்டாவோ தேவையில்லை. ஆனால் போனின் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும். கடிகாரத்தைக் கையால் திருத்தி வைத்திருப்பவரின் போன் ஓரிரு நிமிடம் பிசகினாலே எண் ஏற்கப்படாது. ‘சரியான நம்பரைத்தான் போடுகிறேன், தப்பு என்கிறது’ என்று ஒருவர் மேலிருந்து கூப்பிட்டால், முதலில் போனின் தேதி, நேர அமைப்பைத் தானியங்கிக்கு மாற்றச் சொல்லுங்கள். ரேஞ்ச் உள்ள இடத்துக்கோ ஸ்டோரின் வைஃபைக்கோ ஒருமுறை வந்து போனாலே போதும்.

போனில் ‘அனுமதி’ என்று தட்டும் அறிவிப்பு முறை அலுவலக ஊழியர்களுக்கு வசதியானது. ஆனால் இணையம் வேண்டும். அதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்தின் ஒப்பந்ததாரர் ஒருவருக்கு அனுமதிக் கோரிக்கைகள் மீண்டும் மீண்டும் அனுப்பப்பட்டன. அவர் மறுத்துக்கொண்டே வந்து, கடைசியில் ஒன்றை ஏற்றுவிட, உள்ளே நுழைந்துவிட்டார்கள். கணினித் திரையில் தெரியும் எண்ணைப் போனில் அடித்தால்தான் அனுமதி என்ற ஏற்பாடு இதற்கான தடுப்பு; மைக்ரோசாஃப்ட் தன் ஆப்பில் 2023 மே முதல் இதைக் கட்டாயமாக்கியது. வேறு நிறுவனத்தின் ஆப்பைப் பயன்படுத்தினால், இந்த எண் ஒப்பீட்டு வசதி இருக்கிறதா, இயக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில் அறிவிப்பு முறையையே கொடுக்காதீர்கள்.

எல்லாவற்றிலும் வலுவானது பாதுகாப்புச் சாவி, அதாவது ஃபைடோ 2 முறையில் இயங்கும் சிறிய யு.எஸ்.பி. கருவி. ஆறு இலக்க எண் எதுவானாலும், போலித் தளம் ஒன்றில் ஊழியர் அதை அடித்துவிட்டால், மோசடிக்காரன் அதே நொடியில் உண்மைத் தளத்தில் பயன்படுத்திக்கொள்ளலாம். சாவியோ, தான் பதிவான தளத்தின் முகவரியை உலாவியிடமிருந்து பெற்று, அது பொருந்தினால் மட்டுமே விடை தரும். போலி முகவரிக்கு அதனிடம் விடையே இல்லை, ஊழியர் ஏமாந்தாலும் சாவி ஏமாறாது. 2022இல் கிளவுட்ஃபிளேர் நிறுவன ஊழியர்கள் சிலர் போலித் தளத்தில் கடவுச்சொல்லை அடித்த பிறகும், எல்லோரிடமும் சாவி இருந்ததால் தாக்குதல் அங்கேயே நின்றது. 85,000க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்குச் சாவியைக் கட்டாயமாக்கிய 2017 முதல், எவருடைய வேலைக் கணக்கும் போலித் தளத்தின் மூலம் பறிபோனதாக உறுதியாகவில்லை என்று கூகுள் 2018இல் தெரிவித்தது. போனிலும் மடிக்கணினியிலும் இதே முறையில் இயங்கும் பாஸ்கீ வசதியும் இப்போது பரவலாகிவிட்டது.

ஆகவே நான் பரிந்துரைக்கும் பகிர்வு இதுதான். நிர்வாகி உரிமை உள்ளவர்கள், வங்கிப் பணம் அனுப்புபவர்கள், சம்பளப் பட்டியல் போடுபவர்கள், முதலாளி ஆகியோருக்கு ஆளுக்கு இரண்டு சாவிகள். மற்ற அலுவலக ஊழியர்களுக்கு ஆப். ஸ்மார்ட்போன் இல்லாத, அல்லது சொந்தப் போனில் அலுவலக ஆப் போட விரும்பாத சூப்பர்வைசர்களுக்கு ஆளுக்கொரு சாவி. விரல்ரேகை படிக்கும் சாவிகளைத் தோட்ட வேலையில் இருப்பவர்களுக்கு வாங்க வேண்டாம். மண்ணிலும் செடியிலும் தேய்ந்த விரல்ரேகையை அவை பல நேரம் ஏற்பதில்லை. பின் எண்ணுடன் இயங்கும் சாவியே போதும். பின் எண்ணை எட்டு முறை தொடர்ந்து தவறாகப் போட்டால் சாவி பூட்டிக்கொள்ளும், அதை அழித்து மறுபடி பதிய வேண்டியிருக்கும் என்பதை மட்டும் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

மூன்றாம் படி: போன் தொலைந்தால் என்ன செய்வது

முதலில் நிறுவனமே வெளியே பூட்டப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்த ஊழியருக்கும் சொந்தமில்லாத இரண்டு அவசர நிர்வாகிக் கணக்குகளை உருவாக்குங்கள். மிக நீளமான கடவுச்சொல் வைத்து, தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பாதுகாப்புச் சாவியைப் பதிந்து, உறையில் வைத்து ஒட்டிக் கையெழுத்திட்டு, ஒன்றைப் போடி அலுவலகப் பெட்டகத்திலும் மற்றொன்றை முதலாளி வீடு போன்ற வேறோர் இடத்திலும் வைக்க வேண்டும். சரிபார்ப்பு விதிகளில் ஏற்படும் பிழையால் எல்லோரும் வெளியே நின்றுவிடாதபடி, இந்தக் கணக்குகளை நீங்கள் எழுதும் விதிகளிலிருந்து விலக்கி வையுங்கள். ஆனால் சாவி பதியாமல் விடக் கூடாது: மைக்ரோசாஃப்ட் 2024 அக்டோபரில் தொடங்கி, தன் நிர்வாகத் தளங்களில் நுழையும் எல்லாக் கணக்குகளுக்கும், அவசரக் கணக்குகள் உட்பட, பலபடிச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கி வருகிறது. இந்தக் கணக்கு ஒருமுறை பயன்படுத்தப்பட்டாலும் இரண்டு பேருக்கு எச்சரிக்கை போகும்படி அமைத்துவிடுங்கள்.

அடுத்தது ஊழியர்கள். இந்த வேலையில் நிர்வாகிக்கு வரும் அழைப்பு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: ‘அண்ணே, பூப்பாறை ஸ்டோர்ல இருந்து பேசுறேன். போன் தண்ணித் தொட்டியில விழுந்துருச்சு. பக்கத்து ஆள் போன்ல இருந்து கூப்பிடுறேன். லோடு ஏத்தி வண்டி நிக்குது, கொஞ்சம் ஐடியைத் திறந்து விடுங்கண்ணே.’ தெரியாத எண், விட்டு விட்டுக் கேட்கும் குரல், நிற்கும் வண்டி. அவர் உண்மையான ஊழியராக இருக்கலாம். மோசடிக்காரனும் இதே சொற்களைத்தான் சொல்வான். ஊழியர் எண், பிறந்த தேதி, ஆதாரின் கடைசி நான்கு இலக்கம் போன்ற கேள்விகள் இங்கே உதவாது. அவை பலருக்கும் தெரிந்தவை.

எழுதி ஒட்ட வேண்டிய நடைமுறை இது: அழைப்பு வந்த எண்ணிலேயே பேச்சை முடிக்கக் கூடாது. நிர்வாகி அழைப்பைத் துண்டித்து, தன்னிடம் முன்பே பதிவாகி இருக்கும் அந்த ஸ்டோரின் மேனேஜர் எண்ணுக்கு அல்லது தரைவழி எண்ணுக்குத் தானே கூப்பிட வேண்டும். மேனேஜர் அந்த ஊழியரை நேரில் பார்த்து உறுதி செய்ய வேண்டும். அதன் பிறகே தற்காலிக அனுமதி தர வேண்டும். யார் கேட்டார், யார் உறுதி செய்தார், எத்தனை மணிக்கு என்பதை ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். முதலாளியே கூப்பிட்டாலும் இந்த நடைமுறை மாறாது என்று, முதலாளியின் கையெழுத்துடன் ஒரு சுற்றறிக்கை வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லையென்றால், ஐ.டி. பையன் ஒருவனால் இதை நடைமுறைப்படுத்தவே முடியாது.

தற்காலிக அனுமதிக்கு மைக்ரோசாஃப்டின் கணக்கு நிர்வாகச் சேவையான என்ட்ராவில் டெம்பரரி ஆக்சஸ் பாஸ் என்ற வசதி இருக்கிறது. ஒருமுறை மட்டும் செல்லுபடியாகும்படி, குறுகிய கால வரம்புடன் அதை உருவாக்கலாம். கூகுளில் நிர்வாகி அந்த ஊழியருக்குரிய பேக்கப் குறியீடுகளை எடுத்துக் கொடுக்கலாம். அவை ஒவ்வொன்றும் ஒரே முறைதான் செல்லும். சரிபார்ப்பையே அந்த ஊழியருக்கு அணைத்துவிட்டு ‘நாளைக்குத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்’ என்று விடுவது மட்டும் கூடாது. அந்த நாளை வருவதில்லை.

நான்காம் படி: அமைப்புகளில் இயக்குதல்

மைக்ரோசாஃப்ட் 365இல் இரண்டு வழிகள். சிறிய நிறுவனமாக இருந்து, கூடுதல் உரிமம் இல்லையென்றால், செக்யூரிட்டி டிஃபால்ட்ஸ் என்ற ஒரே அமைப்பை இயக்கினால் போதும். அது எல்லோரையும் பதிவு செய்யச் சொல்லி, பழைய சரிபார்ப்பு வழிகளையும் அடைத்துவிடும். ஆனால் அதில் விதிவிலக்கு எதுவும் வைக்க முடியாது. பிசினஸ் பிரீமியம் போல என்ட்ரா பி1 உரிமம் சேர்ந்த திட்டம் இருந்தால், யார், எந்த நிபந்தனையில் நுழையலாம் என்று சொல்லும் கண்டிஷனல் ஆக்சஸ் விதிகளை எழுதுங்கள். அப்போது செக்யூரிட்டி டிஃபால்ட்ஸை அணைக்க வேண்டும், இரண்டும் சேர்ந்து ஓடாது. முதலில் ஆத்தென்டிகேஷன் மெத்தட்ஸ் பகுதிக்குச் சென்று, ஆப்பையும் ஃபைடோ 2 சாவியையும் தற்காலிகப் பாஸையும் இயக்கி, எஸ்.எம்.எஸ். மற்றும் குரல் அழைப்பை அணையுங்கள். பின்னர் மூன்று விதிகள்: எல்லாப் பயனர்களுக்கும் எல்லாச் செயலிகளுக்கும் பலபடிச் சரிபார்ப்பு வேண்டும், நிர்வாகிகளுக்குப் போலித் தளங்களை எதிர்க்கும் வலுவான முறை மட்டுமே ஏற்கப்படும், பழைய சரிபார்ப்பு வழிகள் அனைவருக்கும் தடை. மூன்றையும் முதலில் ‘ரிப்போர்ட் ஒன்லி’ நிலையில் வையுங்கள். அந்த நிலையில் யாரும் தடுக்கப்படுவதில்லை. விதி உண்மையில் ஓடியிருந்தால் யார் யார் நின்றிருப்பார்கள் என்பது மட்டும் லாகின் பதிவில் தெரியும். மாதக் கடைசியும் சம்பள நாளும் அந்தக் கண்காணிப்புக்குள் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மாதம் முழுக்கத் தூங்கி அன்று மட்டும் எழும் கணக்குகள் அப்போதுதான் பிடிபடும்.

இரண்டாம் முறையைப் பதிவு செய்யும் பக்கத்துக்கும் ஒரு விதி தேவை. கடவுச்சொல்லை முன்பே திருடி வைத்திருப்பவன், ஊழியருக்கு முன்னால் தன் போனைப் பதிந்துகொண்டால், நீங்கள் நிறுவிய சரிபார்ப்பு அவனைக் காக்கும் வேலையைச் செய்யும். எனவே பதிவை அலுவலக வலையமைப்பிலிருந்தோ தற்காலிகப் பாஸ் கொண்டோ மட்டுமே செய்ய முடியும் என்று கட்டுப்படுத்துங்கள்.

கூகுள் வொர்க்ஸ்பேஸில், நிர்வாகத் தளத்தின் பாதுகாப்புப் பகுதியில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு அமைப்பு இருக்கிறது. முதலில் பயனர்கள் இயக்கிக்கொள்ள அனுமதி. பிறகு கட்டாயமாகும் தேதி. புதிதாகச் சேருபவர்களுக்கு ஒரு நாள் முதல் ஆறு மாதம் வரை அவகாசம் தரலாம், ஒரு வாரத்துக்கு மேல் தர வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. முறைகளில், எஸ்.எம்.எஸ். மற்றும் அழைப்பு தவிர மற்றவை என்பதைத் தேர்ந்தெடுங்கள். நிர்வாகிகளைத் தனிப் பிரிவாக்கி, சாவி மட்டும் என்று வையுங்கள். கட்டாயத் தேதி வரும்போது பதியாதவர் வெளியே நின்றுவிடுவார் என்பதால், முந்தின நாள் அறிக்கையில் எஞ்சியிருக்கும் பெயர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுங்கள்.

வி.பி.என்.னைப் பொறுத்தவரை, பெரும்பாலான பயர்வால்களிலேயே, ஆப் காட்டும் நேர எண்ணைக் கேட்கும் வசதி உண்டு. ஒரு சில தோட்டங்கள் மட்டும் உள்ள நிறுவனத்துக்கு அது போதும். விண்டோஸ் சர்வரில் லாகின் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் என்.பி.எஸ். சேவை வழியாக மைக்ரோசாஃப்ட் சரிபார்ப்பை இணைப்பதானால் இரண்டைக் கவனியுங்கள். அந்த இணைப்பை நிறுவியதும், அந்தச் சர்வருக்கு வரும் ரேடியஸ் (லாகின் சரிபார்ப்பு) கோரிக்கைகள் எல்லாவற்றுக்கும் இரண்டாம் சரிபார்ப்பு கேட்கப்படும். அலுவலக வைஃபையும் அதே சர்வரைப் பயன்படுத்தினால் வைஃபை நின்றுபோகும், ஆகவே தனிச் சர்வர் வேண்டும். அடுத்து, பயர்வாலின் ரேடியஸ் காத்திருப்பு நேரம் பெரும்பாலும் சில விநாடிகளே இருக்கும். ஊழியர் போனை எடுத்து அனுமதிப்பதற்குள் இணைப்பு அறுந்துவிடும் என்பதால் அதை 60 விநாடியாக உயர்த்துங்கள்.

ரிமோட் டெஸ்க்டாப்பை இணையத்துக்கு நேரடியாகத் திறந்து வைத்திருந்தால், இரண்டாம் சரிபார்ப்பைப் பற்றி யோசிப்பதற்கு முன் அதை மூடி, வி.பி.என்.னுக்குப் பின்னால் கொண்டுபோங்கள். லினக்ஸ் சர்வர்களில், கூகுள் அத்தென்டிகேட்டருக்கான பாம் (லாகின் சரிபார்ப்பு) மாட்யூலை நிறுவி, ஒவ்வொரு பயனரும் தம் ரகசியச் சரத்தை உருவாக்கிய பின், தொலைவிலிருந்து நுழைவதற்கான எஸ்.எஸ்.ஹெச். அமைப்பில் சாவிக்கோப்பும் நேர எண்ணும் இரண்டுமே தேவை என்று எழுத வேண்டும். பதியாதவரையும் உள்ளே விடும் ‘நல்ஓகே’ (nullok) என்ற சொல்லை மாறும் காலத்துக்கு மட்டும் வைத்து, எல்லோரும் பதிந்ததும் நீக்கிவிடுங்கள். சேவையை மறுதொடக்கம் செய்யும்போது, ஏற்கெனவே திறந்திருக்கும் ஓர் இணைப்பை மூடாமல் வைத்துக்கொண்டு, இன்னொரு ஜன்னலில் புதிதாக நுழைந்து பாருங்கள். நுழைய முடியாவிட்டால், திறந்திருக்கும் அந்த இணைப்புதான் உங்களைக் காப்பாற்றும். இல்லையென்றால் சர்வர் இருக்கும் இடத்துக்கே மலையேற வேண்டியிருக்கும்.

ஐந்தாம் படி: ஊழியர்களைப் பதிவு செய்தல்

முதலில் ஐ.டி. பிரிவு, பிறகு கணக்குப் பிரிவில் விருப்பமுள்ள சிலர், பிறகு தலைமை அலுவலகம், கடைசியில் மலை. ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையில், வந்த அழைப்புகளைப் படித்து வழிமுறைத் தாளைத் திருத்துங்கள். ஏலக்காய் ஏலம் நடக்கும் நாட்களிலும் மாதக் கடைசியிலும் எந்தப் பிரிவுக்கும் கட்டாயத் தேதி வைக்காதீர்கள். போடியிலோ புத்தடியிலோ காய் ஏலம் போய்க்கொண்டிருக்கும்போது ஒருவரின் மின்னஞ்சல் திறக்கவில்லை என்றால், அத்துடன் திட்டமே நின்றுபோகும்.

வழிமுறைத் தாள் தமிழிலும் மலையாளத்திலும் இருக்க வேண்டும். அது ஒரே பக்கமாக, நிறுவனம் தேர்ந்தெடுத்த ஒரே ஆப்பின் உண்மையான திரைப் படங்களுடன் இருக்கட்டும். தேடினால் இதே பெயரில் பல போலி ஆப்கள் வரும் என்பதால், வெளியிட்ட நிறுவனத்தின் பெயரைத் தாளில் அச்சிடுங்கள். மேலே உள்ளவர்களுக்குத் தாளை மட்டும் அனுப்பிப் பயனில்லை. ஒருவர் நேரில் சென்று, ஸ்டோரின் வைஃபையில் ஆப்பை இறக்கி, காலை மஸ்டர் (ஆள் கணக்கெடுப்பு) முடிந்ததும் ஒவ்வொருவரையும் உட்கார வைத்துப் பதிந்துவிட்டு வர வேண்டும். பதிந்த உடனே கணினியிலிருந்து வெளியேறச் சொல்லி, அவர்களையே மறுபடி நுழையச் சொல்லுங்கள். முதல் நுழைவை உங்கள் கண் முன்னால் செய்தவர் அடுத்த நாள் கூப்பிட மாட்டார்.

அப்போது கட்டாயம் வரும் கேள்வி ஒன்று: ‘இந்த ஆப் போட்டா என் போட்டோ, வாட்ஸ்அப் எல்லாம் ஆபீசுக்குத் தெரியுமா சார்?’ தெரியாது. க்யூஆர் குறியீட்டைப் படிக்கக் கேமரா அனுமதி கேட்கும். வேறெதையும் எண் உருவாக்கும் ஆப் நிறுவனத்துக்கு அனுப்புவதில்லை. இதை ஒரே வரியில் சொல்லி நகர்ந்துவிடாமல், அந்தப் போனிலேயே ஆப்பின் அனுமதிப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். அதன் பிறகும் மறுப்பவரிடம் வாதிடாமல் சாவி ஒன்றைக் கொடுத்துவிடலாம். சொந்தப் போனை அலுவலக வேலைக்குத் தர மறுப்பது அவருடைய உரிமை.

க்யூஆர் குறியீட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது நம் ஊரில் இயல்பாக நடக்கும் காரியம். அந்தப் படத்தில்தான் ரகசியச் சரம் இருக்கிறது. படம் யாரிடம் இருக்கிறதோ அவருக்கெல்லாம் அந்தக் கணக்கின் எண்கள் கிடைக்கும். அப்படி ஒரு படம் வெளியே போனதாகத் தெரிந்தால், படத்தை அழிப்பதோடு நிறுத்தாமல், பதிவையே நீக்கிப் புதிதாகப் பதியுங்கள். 2023 ஏப்ரல் முதல் கூகுள் அத்தென்டிகேட்டர், சரங்களை ஊழியரின் கூகுள் கணக்கில் சேமித்துவைக்கும் வசதியைத் தருகிறது. போன் உடைந்தால் அது கைகொடுக்கும். ஆனால் அவருடைய சொந்த ஜிமெயில் பறிபோனால் அலுவலகச் சரமும் கூடவே போகும். நிர்வாகி கணக்குகளுக்கு இதைத் தடை செய்வதும் மற்றவர்களுக்கு அனுமதிப்பதும் நியாயமான நடுவழி.

இ-வே பில் தளம்

இந்தத் தளத்தின் விதிகளை நீங்கள் எழுத முடியாது. அரசு எழுதியதற்கு ஏற்ப நடக்க வேண்டும். இ-வே பில், இ-இன்வாய்ஸ் தளங்களில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு படிப்படியாகக் கட்டாயமாகி, ஆண்டு விற்றுமுதல் ரூ.20 கோடிக்கு மேல் உள்ளவர்களுக்கு 2025 ஜனவரி 1 முதலும், ரூ.5 கோடிக்கு மேல் உள்ளவர்களுக்கு பிப்ரவரி 1 முதலும், மற்ற எல்லோருக்கும் ஏப்ரல் 1 முதலும் நடைமுறைக்கு வந்தது. சரிபார்ப்பு எண்ணை எஸ்.எம்.எஸ்., சந்தேஸ் ஆப், என்.ஐ.சி.-ஜி.எஸ்.டி.-ஷீல்டு ஆப் ஆகிய மூன்று வழிகளில் பெறலாம். ஷீல்டு ஆப்பில் எண்ணைப் பெற சிக்னலோ டேட்டாவோ வேண்டாம் என்பதால், மலையிலிருந்து பில் போடுபவர்களுக்கு அதையே பதிந்து கொடுங்கள்.

பல இடங்களில் நடப்பது வேறு. பில் போடுபவர் குமுளியிலோ கம்பமெட்டிலோ இருக்க, ஓ.டி.பி. கோயம்புத்தூருக்குப் போன முதலாளியின் போனுக்குச் செல்கிறது. வண்டி நிற்க, இவர் அவரைக் கூப்பிட்டு எண்ணைக் கேட்டு வாங்குகிறார். இந்தச் சுற்று தேவையே இல்லை. ஒரே ஜி.எஸ்.டி. எண்ணுக்குக் கீழ்ச் சப்-யூசர்களை, அதாவது துணைப் பயனர்களை உருவாக்கலாம். ஒவ்வொருவருக்கும் அவரவர் மொபைல் எண்ணின்படி தனிச் சரிபார்ப்பு நடக்கும். ஸ்டோருக்கு ஒருவர் என்று உருவாக்கி, பில் போடும் உரிமையை மட்டும் கொடுங்கள்.

இயக்கிய பிறகு

லாகின் பதிவுகளை வாரம் ஒருமுறை பாருங்கள். நம் பகுதியில் ஒரு விசித்திரம் காத்திருக்கும்: மொபைல் டேட்டாவின் ஐ.பி. முகவரியிலிருந்து ஊகிக்கப்படும் ஊர், டவர் இருக்கும் ஊராக இராது. வண்டன்மேட்டில் உட்கார்ந்திருப்பவர் காலையில் கொச்சியிலும், அடுத்த சிம்முக்கு மாறியதும் சென்னையிலும் இருப்பதாகப் பதிவு காட்டக்கூடும். சாத்தியமில்லாத பயணம் என்று எச்சரிக்கையும் வரும். இதைப் பார்த்துப் பதற வேண்டாம். அதே சமயம், இந்தத் தொல்லைக்காக எச்சரிக்கையை முழுவதும் அணைத்துவிடவும் வேண்டாம். ஊரை வைத்து நம்பிக்கை தரும் விதி எதையும் எழுதாமல், நாட்டுக்கு வெளியிலிருந்து வரும் முயற்சிகளையும், ஒருவரே தொடர்ந்து அனுமதி மறுத்த நிகழ்வுகளையும், புதிய சரிபார்ப்பு முறை பதியப்பட்ட நிகழ்வுகளையும் மட்டும் பொறுக்கிப் பாருங்கள். மூன்றாவது வகை ஒவ்வொன்றுக்கும், அந்த ஊழியரையே கூப்பிட்டு ‘புதுப் போன் வாங்கினீர்களா?’ என்று கேட்பது அரை நிமிட வேலை.

சரிபார்ப்பை முடித்து உள்ளே வந்தவரின் உலாவியில் இருக்கும் அமர்வுக் குக்கீயை, அதாவது அவர் ஏற்கெனவே நுழைந்துவிட்டதைத் தளத்துக்குக் காட்டும் அடையாளத் தரவைத் திருடினால், கடவுச்சொல்லும் எண்ணும் இல்லாமலேயே உள்ளே வரலாம். எனவே ஸ்டோரில் பலர் பயன்படுத்தும் கணினிகளில் ‘இந்தக் கணினியை நினைவில் கொள்’ என்பதை அனுமதிக்காதீர்கள். நிர்வாகிகளின் அமர்வு நேரத்தைக் குறைத்து வையுங்கள். ஒரு கணக்கின் மீது சந்தேகம் வந்தால், கடவுச்சொல்லை மாற்றுவதுடன் அதன் எல்லா அமர்வுகளையும் துண்டியுங்கள்.

வேலையை விட்டுப் போகிறவரிடம் சாவியைத் திரும்ப வாங்குவது, கணக்கை முடக்குவது, ஆப் பதிவை நீக்குவது ஆகியவற்றைக் கணக்கு முடிக்கும் படிவத்திலேயே சேர்த்துவிட்டால், ஐ.டி. பிரிவுக்குச் சொல்லாமல் யாரும் கணக்கு முடித்துப் போக முடியாது. விதிவிலக்குப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு கணக்குக்கும் எதிரே காரணமும், கேட்டவர் பெயரும், முடியும் தேதியும் இருக்க வேண்டும்; தேதி கடந்தவற்றைக் கேட்காமலே நீக்கலாம். பெட்டகத்தில் இருக்கும் அவசர உறையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு பேர் முன்னிலையில் திறந்து, சாவியைச் செருகி உள்ளே நுழைய முடிகிறதா, எச்சரிக்கை வந்து சேர்கிறதா என்று பார்த்து, கடவுச்சொல்லை மாற்றி, புதிய உறையில் வைத்து, தேதியிட்டு மூடுங்கள்.